ஒரு கட்டைவிரல் அகலம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி அலுவலகத்திலும் தெருவிலும் அவள் கோட்டக்காதான். நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போட்டுப் போட்டே வந்த பெயர். ஒரு முழ நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இவள் பழைய ஏட்டைப் புரட்டி, பென்சிலைச் சீவி, ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டு நீட்டுவாள்.

"இதான் எல்லை. இதுக்கு மேல சண்டை போடணும்னா வெளிய போய்ப் போடுங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."

அவள் போட்ட கோட்டை எந்தக் கோர்ட்டும் மாற்றியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கர்வப்பட வேறு அதிகம் இல்லாத வாழ்க்கை. கல்யாணமாகி நாலாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். குழந்தை இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி, பதின்மூன்று வயது இளையவன். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவனுக்கு மூன்று வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள் இவள். அவன்மேல் அவளுக்கு இருந்தது அக்காவின் பாசம் என்று சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராக்கெட்டுகள் வர ஆரம்பித்த மூன்றாம் வருஷம் அவளை வான் பாதுகாப்புப் பிரிவின் வரைபட அறைக்கு மாற்றினார்கள். ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. ஜன்னல் கிடையாது. நான்கு மேசைகள், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை, எந்நேரமும் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும் ஒரு ஏசி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் யாருக்காவது ஏதாவது என்றால் கூப்பிட, மேசையில் ஒரு சாதாரணத் தொலைபேசி.

ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: மலைமேல் இருக்கிற ரேடார் பார்க்கும், ஊரோரத்தில் நிற்கிற ஏவு வண்டியிலிருந்து எதிர் ஏவுகணை கிளம்பும், வருகிற ராக்கெட்டை வானத்திலேயே உடைக்கும். தப்பில்லை. ஆனால் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் ஊருக்குச் சொல்லவில்லை. ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் அது எங்கே விழும் என்று ரேடார் கணக்குப் போட்டுவிடும். விழப்போகிற இடம் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் அங்கே இருக்கிறவர்களின் போன்கள் அலறும், எதிர் ஏவுகணை பறக்கும். வெளியே என்றால் ஒன்றும் கிடையாது. விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஏவு வண்டியில் இருப்பது இருபது குழாய். குழாய்க்கு ஒரு ஏவுகணை. இருபதும் தீர்ந்தால் கிரேன் வைத்து மறுபடி நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும். பொட்டல் காட்டைக் காப்பாற்றுவதற்கு ஒன்றை வீணாக்க முடியாது.

அந்தக் கோட்டைப் போடுகிறவள் கோட்டக்கா.

அதற்கு ஒரு விதி உண்டு. ஓர் இடத்தில் இருபது பேர் தொடர்ந்து முப்பது இரவு தூங்கினால் அது குடியிருப்பு, கோட்டுக்குள் வரும். பத்தொன்பது பேர் தூங்கினால் அது பொட்டல் காடு. இந்த விதியை எழுதிய புண்ணியவான் அந்தப் பத்தொன்பது பேரோடு ஒருநாள் பாயை விரித்துப் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இதற்குத் தூங்கும் தலை என்று பெயர். "அந்தக் கல்குவாரியில எத்தன தூங்கும் தலை?" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்கள். மாதக் கடைசியில் தலைக்கணக்குப் படிவங்கள் வரும். அவற்றைப் பார்த்து அவள் முதலில் ட்ரேசிங் தாளில் பென்சிலால் கோட்டைத் திருத்துவாள், பிறகு கணினியில். மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே ரேடாரின் கணக்கில் சேர்ந்துவிடும். மேலதிகாரி பழைய பீரங்கிப் படைக்காரர். காது கொஞ்சம் மந்தம், குரல் ரொம்ப உரம். அவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பீரங்கி என்பார்கள்.

கோடு எங்கே போகிறது என்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். "எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பீரங்கி சிரிக்கவில்லை.

தினமும் அவள் இறங்குவது பஸ் நிலைய முனையில். அங்கே ஒரு தையல்காரர் கடை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு குடியிருந்தார். காதில் பென்சிலுக்குப் பதில் சாக்பீஸ் துண்டு. கோட்டக்கா பழைய நில அளவைக்காரி என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புக்கா. என்ன, நான் போடுற கோடு ஒரு தட்டு தட்டினா போயிடும். நீங்க போட்டது நிக்கும்" என்பார்.

"நின்னு என்ன செய்ய? என் பேன்ட்ட எப்ப தருவீங்க?"

"நாளைக்குக்கா."

அந்த நாளைக்கு வாரக்கணக்கில் நீளும். அதற்காக அவள் வேறு கடைக்குப் போனதும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். லாரி ஓட்டி அலுத்துப் போனவன். மூடிக் கிடந்த ஒரு கோழிப் பண்ணையை எடுத்திருந்தான். நீளமான இரண்டு கொட்டகைகள், நடுவே முற்றம், வேலையாட்கள் தங்க ஓட்டு வீடுகள்.

"எங்கடா?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம்கா. செங்கல் சூளையத் தாண்டி."

அந்தத் திசையில் கால்வாய்தான் கோடு.

"ஏன்டா, இந்தப் பக்கம் உனக்கு இடமே கிடைக்கலையா?"

"கோழிக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னக்கா?"

கோழிக்கு ஒன்றுமில்லைதான். அவள் வாயைத் திறக்க முடியாமல் அவனுக்குச் சோறு போட்டாள். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு வேலைக்காரக் குடும்பங்கள். கூட்டிப் பார்த்தாள். பதினோரு தலை.

அந்த மாதக் கடைசியில் செங்கல் சூளையின் படிவம் வந்தது. அறுபத்து நான்கு தலை, முப்பது இரவு, எல்லாம் சரி. கோடு பாலத்தில் கால்வாயைத் தாண்டி, சூளையைச் சுற்றி, திரும்ப வந்து கால்வாயோடு சேர வேண்டும். அவள் பென்சில் சூளையைச் சுற்றியது. ஆனால் திரும்பவில்லை. சாலை வளைவோடு இன்னும் கொஞ்சம் போய், கோழிப் பண்ணையின் பின்சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. தாளில் பார்த்தால் ஒரு கட்டைவிரல் அகலம். பீரங்கி போனில் யாரையோ திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தப்பு என்று அவளுக்குத் தெரியும். கோட்டை ஒரு விரற்கடை நகர்த்தச் சொல்லி இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறார்கள்! ஒருவருக்கும் அவள் மசிந்ததில்லை. தம்பிக்கு மசிந்தாள். இதனால் யார் குடி முழுகப் போகிறது என்று தோன்றியது. அன்று நிம்மதியாகத் தூங்கினாள். பிற்பாடு அவளை அதிகம் அரித்தது அந்தத் தூக்கம்தான்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே காலுக்கு ராக்கெட்டுகள் வந்தன, அதுவரை வந்ததிலேயே அதிகம். நிலவறையில் சத்தம் கேட்காது. தரை லேசாக அதிரும், டீ தம்ளரில் வட்டம் வட்டமாக அலை வரும், அவ்வளவுதான். எல்லாம் அடங்கியதும் மேசைத் தொலைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா! எங்க தலைக்கு நேர் மேல உடைச்சாங்கக்கா! போன் அலறுச்சு, பிள்ளைங்கள அள்ளிக்கிட்டு உள்ள ஓடினோம், மேல டமார்னு ஒரு சத்தம். இரும்புத் துண்டா விழுது முத்தத்துல. நாலு கோழிதான் போச்சு. நாங்க எல்லாரும் முழுசா இருக்கோம்!"

அவள் ரிசீவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. என் கோடு, என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்ல முடியாத பெருமை ஒன்று அவளுக்குள் அரை நாள் இருந்தது.

சாயந்திரம் பஸ் பிடிக்க வந்தபோது பஸ் நிலைய முனையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். தையல் கடை இருந்த இடத்தில் மறுபக்கத் தெரு தெரிந்தது. மூன்று பேர். ஊருக்குப் போகப் பையோடு நின்ற ஒரு அம்மாள், சட்டைப் பொத்தான் தைத்துக்கொள்ள வந்த ஒரு கண்டக்டர், தையல்காரர். அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தன.

மறுநாள் காலை தாக்குதல் அறிக்கை அவள் மேசைக்கு வந்தது. வந்த ஒவ்வொன்றும் விழ இருந்த இடத்தைக் கோட்டோடு ஒப்பிட்டு டிக் போடுவது அவள் வேலை. வந்தவை முப்பத்தாறு. வெளியே பதினைந்து. உள்ளே இருபத்தொன்று. ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தவள் ஒன்பதாவதில் நின்றாள். அது விழ இருந்த இடம் இரண்டு நீளக் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு முற்றம். அதற்காக ஒரு குழாய் காலியாகியிருந்தது. இருபத்தோராவதுக்குக் குழாய் இல்லை. இருபத்தோராவது விழுந்த இடம் பஸ் நிலைய முனை.

கணக்கு இவ்வளவுதான். எத்தனை தடவை போட்டாலும் அதே விடை வந்தது.

அன்றிலிருந்து அவளைப் பிடித்தது அந்த எண். படி ஏறினால் எண்ணுவாள். இருபதாவது படிக்கு அப்புறம் கால் எழும்பாது. பஸ்ஸில் ஆட்களை எண்ணுவாள். இருபத்தோராவது ஆளின் முகத்தைப் பார்க்கப் பயந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள். நிலவறை ஏசியின் டக்டக் சத்தம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரியே கேட்டது. நடுவில் அது நின்றால் இன்னும் மோசம். நூலை அறுத்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கிற இடைவெளி அது. "நாளைக்குக்கா" என்ற குரலுக்காகக் காத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை அவள். இது பேயாக இருந்திருந்தால் மந்திரித்தாவது பார்த்திருப்பாள்.

பத்தாம் நாள் துக்கம் கேட்கப் போனாள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்தாள் தையல்காரர் மனைவி. இவளைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"உங்க பேன்ட் ரெண்டும் இருக்குக்கா. சுவத்துப் பக்கம் வச்சிருந்தாரு, ஒண்ணும் ஆகல. காலு மடிச்சுத் தச்சு முடிச்சிட்டாரு. நாளைக்குக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தாள். தையல் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. உள்மடிப்பில் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. அவள் பேன்ட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையால் ஒன்றும் குறையவில்லை.

அதற்கு மறுநாள் பீரங்கியின் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, ட்ரேசிங் தாளை மேசைமேல் விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். காது மந்தமான மனுஷன், அன்று ஒரு சொல்லைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை.

"இதுல கையெழுத்து யாரோடது?" என்றார் கடைசியில்.

"உங்களோடது சார். ஆனா கோடு என்னோடது."

"பாக்காம போட்டேன். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் உள்ள போவோம். போலாம், அதப் பத்தி இல்ல. ஆனா நாளைக்கு இந்தக் கோட்ட ஒருத்தன் நம்புவானா? எங்க தெருவ விட்டுட்டாங்க, அவங்க தெருவுக்குக் குடுத்தாங்கன்னு ஊரே அடிச்சுக்கும்." தாளை மடித்து அவளிடமே நீட்டினார். "மாசக் கடைசில கோட்ட பழைய எடத்துக்குக் கொண்டுவா. சத்தம் போடாம."

"செத்தவங்க?"

"அவங்களச் சுட்டது அந்தப் பக்கம். நீ இல்ல."

"தெரியும் சார். நானும் அதத்தான் சொல்லிக்கிறேன்."

"தம்பியக் காலி பண்ணச் சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

பீரங்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதச் சொல்லக்கூடாது" என்றார்.

தண்டனை கேட்டுப் போனவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. வேலை மட்டும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனாள். வாசல் கேட்டில் கருகிய இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தான் தம்பி. எதிர் ஏவுகணையின் துண்டாம். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். முற்றத்தில் அவளுக்குத் தெரியாத முகங்கள். பஸ் நிலையத்தில் பழம் விற்றவர் குடும்பத்தோடு வந்துவிட்டிருந்தார், ஐந்து பேர். கொட்டகைச் சுவரோரம் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரர் மனைவி. இரண்டு பெண் குழந்தைகளும் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தன.

"பாவம்கா, ஒண்ட எடமில்ல. ஓட்டு வீடு சும்மாதான கெடக்கு. இங்கதான் பத்திரம், வாங்கன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றான் தம்பி.

கோட்டக்கா அவனைத் தனியே கொட்டகை ஓரம் இழுத்துப் போனாள்.

"டேய், நான் சொல்றதக் கேளு. இந்தக் கோழி நாத்தம் பிள்ளைங்களுக்கு ஆகாது. வித்துட்டு டவுனுக்கு வந்துடு."

"பிள்ளைங்க நல்லாதான இருக்கு?"

"இது ஒதுக்குப்புறம்டா. ஏதாவதுன்னா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "ஒதுக்குப்புறமா! அக்கா, டவுனுக்கு நடுவுல இருந்த பஸ் ஸ்டாண்ட விட்டுட்டாங்க, நம்ம கோழிக்குச் சுட்டாங்க! என் கண்ணால பாத்தேன். இத விடப் பத்திரமான எடம் இந்த ஊர்லயே கிடையாதுக்கா. பேசாம நீயும் வந்துடு."

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அதைப் பிசகாக ஆக்கப்போகிறவள் அவள்தான். வெள்ளிக்கிழமை மாதக் கடைசி.

பஸ்ஸில் திரும்பும்போது எண்ணினாள். தம்பி வீட்டில் நான்கு, வேலைக்காரக் குடும்பங்கள் ஏழு, பழக்காரர் வீட்டில் ஐந்து, தையல்காரர் மனைவியும் குழந்தைகளும் மூன்று. மறுபடி எண்ணினாள். பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை அவள் கோட்டை அழித்தாள். சூளையைச் சுற்றி, நேராகத் திரும்பி, கால்வாயோடு சேர்த்தாள். நேர்மையான கோடு. அன்று மாலை கோடு ரேடாருக்குப் போனது. அதே மாலை அவள் ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் பண்ணைக்குப் போய் இறங்கினாள்.

"வந்துட்டியா! நான் சொன்னேன்ல?" என்றான் தம்பி. ஓட்டு வீட்டில் தையல்காரர் மனைவியின் அறையிலேயே அவளுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். இருபதாவது தலை.

பகலில் வேலைக்குப் போவாள், இருட்டுவதற்குள் வந்து படுத்துவிடுவாள். தூங்கினால்தானே தூங்கும் தலை! விதியில் படுத்தால் போதும் போலிருக்கிறது, கண்ணை மூடினார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. அவள் மூடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இரண்டு குழந்தைகளும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

நான்கு இரவு கழிந்து, செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. காலையில் இருவரும் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"உங்க தம்பிக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா. அவரு இல்லன்னா எங்க கதி என்ன?"

கோட்டக்கா முட்டைத் தட்டைக் கீழே வைத்தாள். எழுதிக்கொடுத்த உறுதிமொழி, ஜெயில், பீரங்கி எல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அவளால் அந்த நன்றியைக் காதில் வாங்க முடியவில்லை. சொன்னாள். கோடு என்றால் என்ன, குழாய் எத்தனை, ஒன்பதாவது எது, இருபத்தோராவது எது, எல்லாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூட மழுப்பாமல் சொன்னாள். கொட்டகைக்குள் நூற்றுக்கணக்கான கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல்காரர் மனைவி கையிலிருந்த முட்டையின் அழுக்கை முந்தானையால் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என் பிள்ளைங்க இப்ப கோட்டுக்கு வெளியவா?"

"ஆமா."

"உள்ள வர என்ன செய்யணும்?"

"இருபது பேர். முப்பது ராத்திரி. என்னோட சேத்தா இருபது ஆகுது. இன்னும் இருபத்தாறு ராத்திரி இருக்கு. நீங்க பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வேற எங்கயாவது போறதுன்னா போங்க. நான் உங்களத் தடுக்க மாட்டேன்."

"நாங்க போனா?"

"மிச்சம் பதினேழு. இவங்க யாரும் உள்ள வர முடியாது."

அவள் முட்டையைத் தட்டில் வைத்தாள். அதுவரை நீங்க என்றவள் அன்றுதான் முதல்முறையாக நீ என்றாள்.

"போறதுக்கு எனக்கு எடமில்ல. உன் தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாத. பயந்து நாலு பேர் கிளம்பினா என் பிள்ளைங்க வெளியவே நின்னுடும். நீ போட வேண்டிய கோட்ட ஒழுங்காப் போடு."

அதன் பிறகு அவள் கோட்டக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பாள், பேசமாட்டாள். ஆனால் தினமும் விடிந்ததும் புருஷனின் பெட்டியிலிருந்து எடுத்த சாக்பீஸ் துண்டால் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கோடு போடுவாள். கழிந்த நான்கு இரவையும் சேர்த்து முதலில் ஐந்து கோடு. பிறகு நாளுக்கு ஒன்று. கோட்டக்கா கண் விழித்துக் கிடந்து அந்தக் கோடுகளை எண்ணுவாள். ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. தையல்காரர் வீட்டுக் கை.

பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பகலில் ராக்கெட்டுகள் வந்தன. தூரத்தில் டவுன் சைரன் மெல்லக் கேட்டது. பண்ணையில் ஒரு போனும் வாய் திறக்கவில்லை. தம்பி முற்றத்தில் நின்று, தையல்காரரின் சின்ன மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியாக்கா! இப்பல்லாம் நமக்கு போன்கூட அலறதில்ல. எவ்வளவு நிம்மதி!"

கோட்டக்காவும் தையல்காரர் மனைவியும் ஒரே சமயத்தில் அவனை நோக்கி ஓடினார்கள். ஒருத்தி குழந்தையைப் பறித்தாள், ஒருத்தி தம்பியின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் பண்ணைக்கு அப்பால் தரிசு நிலத்தில் ஒன்று விழுந்தது. ஓடுகள் சரிந்தன. கோழிகள் ஒரு மணி நேரம் கத்தின.

"ஏன்கா இத சுடல? போன தடவ சுட்டாங்களே?" தம்பியின் முகத்தில் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

பதில் சொன்னது தையல்காரர் மனைவி.

"தரிசுலதான் விழும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ணா. அதுக்கு எதுக்கு ஒண்ண வீணாக்கணும்?"

"அதுவும் சரிதான்" என்று அவன் ஓடு பொறுக்கப் போய்விட்டான். அவள் குழந்தையின் தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்த பிறகும் கை நிற்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை, சுவரில் முப்பது கோடு ஆன பிறகு, தலைக்கணக்கு எழுதுகிற குமாஸ்தா சைக்கிளில் வந்தார். எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி எண்ணினார். வரிசையின் கடைசியில் நின்றவளைப் பார்த்ததும் திகைத்தார்.

"நீங்க எங்க இங்க?"

"தம்பி வீடு" என்றாள் கோட்டக்கா. அவர் இருபது என்று எழுதினார்.

மாதக் கடைசியில் கோடு மறுபடி கால்வாயைத் தாண்டி, சூளையைச் சுற்றி, சாலை வளைவோடு போய்ப் பண்ணையின் பின்சுவரைத் தொட்டது. பழைய ட்ரேசிங் தாளை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். மயிரிழை பிசகவில்லை. அதே கோடு. முதல்முறை அது பொய், இப்போது அது நிஜம். நடுவில் மூன்று பேர். பீரங்கி இந்தத் தடவை போனை வைத்துவிட்டு, படிவத்தை வரி வரியாகப் படித்தார்.

"இருபதாவது யாரு?"

"நான்தான் சார்."

அவளை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அவள் பழைய வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பினால் பத்தொன்பது ஆகிவிடுமே. இனி அவளுக்கு வீடு அதுதான், அந்த அறைதான், பேசாத அந்தப் பெண்ணின் பக்கத்துக் கட்டில்தான்.

ஆறாம் நாள் முற்பகல் நிலவறையில் தம்ளர்த் தேநீர் அலைபாய்ந்தது. சுவர்த் திரையில் கிளம்பிய எதிர் ஏவுகணைகளின் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. மூன்று, நான்கு. மேசைத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, மறுபடியும் அலற ஆரம்பிச்சிடுச்சுக்கா! ஒரு மாசமா எவ்வளவு நிம்மதியா இருந்தோம்! என்ன பாவம் பண்ணினோமோ தெரியல." அவனுக்குப் பின்னால் ஐந்தாறு போன்கள் ஒன்றாக அலறுவது கேட்டது. குழந்தைகள் அழுதன. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: "அலறட்டும் விடுங்கண்ணா. உள்ள வாங்க."

திரையில் பதினொன்று. தொலைபேசிக்குள் டமார் என்றது. தம்பி ஹோவென்று கூச்சல் போட்டான். உடைச்சுட்டாங்கக்கா, உடைச்சுட்டாங்க! பதினைந்து. பதினாறு. கோட்டக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள். பதினெட்டு. பத்தொன்பது. பேன்ட்டின் மடிப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரை அதற்கு மேல் நகரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மலைமேலிருந்து தகவல் வந்தது: வானம் காலி.

தொலைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. ஒரு மாதமாகப் பேசாத குரல் நேராக அவள் காதில் கேட்டது.

"எத்தன?"

"பத்தொன்பது" என்றாள் கோட்டக்கா.

அவளுக்குப் பின்னால் தம்பியின் கூச்சல் இன்னும் ஓயவில்லை.

"அப்ப ஒண்ணு மிச்சம். இன்னிக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.